‘இதில் ஆய்வு எங்கே இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டார்கள். எனக்கு இன்னும் புரியவில்லை

உபி பட்டறை · திங்கள், இரவு 10.42

வணக்கம். பல நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னையும் சேர்த்து ஐந்து பேர். உணவகச் சமையலறைகளுக்குக் கன்ட்ரோல் பெட்டி, குளிரறைக்கு அலாரம் என்று 11 ஆண்டாக ஓடுகிறது. போன ஆண்டு சொந்தமாக ஒரு சாமான் செய்யலாம் என்று இறங்கினேன். அதற்கு மானியம் கேட்டு, நேர்காணல் வரை போய்க் கவிழ்ந்தேன். எந்தத் திட்டம், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் வேண்டாம்.

சாமான் இதுதான். இங்கே சாப்பாட்டுக் கடை என்றால் கிரீஸ் டிராப் இருக்க வேண்டும். பாத்திரம் கழுவிய தண்ணீர் அதில் போய் நிற்கும். எண்ணெய் மேலே மிதக்கும், கசடு அடியில் தங்கும், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் வெளிக்குழாய் வழியாகப் போகும். எண்ணெயும் கசடும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கைத் தொட்டால் அள்ள வேண்டும் என்பது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் மூடியைத் திறந்து பார்ப்பது யார்? தேதி வைத்துத்தான் அள்ளுகிறார்கள். பாதி காலியாக இருக்கும்போது லாரி வந்து நிற்கும். தீபாவளி வாரத்தில் பொங்கி வழியும்போது வராது.

உள்ளே ஒரு சென்சார் வைத்தால் என்ன என்று யோசித்தேன். மேலிருந்து ஒலி அனுப்பி அளக்கும் ரகம் உதவாது. வெளிக்குழாய் ஒரே உயரத்தில் இருப்பதால் மேல்மட்டம் எப்போதும் அங்கேயேதான் நிற்கும். எண்ணெய் விரல் கனமா, சாண் கனமா என்று அதற்குத் தெரியாது. அதனால் செங்குத்தாக ஒரு பட்டையை இறக்கினேன். பட்டை நெடுகச் சின்னச் சின்னச் செப்புத் தகடுகள், மேலே மெல்லிய பிளாஸ்டிக் உறை. ஒவ்வொரு தகடும் தன் முன்னால் இருப்பது தண்ணீரா, எண்ணெயா, காற்றா என்று மின்தேக்குத்திறனை, அதாவது எவ்வளவு மின்னூட்டம் பிடித்து வைக்கிறது என்பதை வைத்துச் சொல்லும். அதைத் தீர்மானிக்கும் டைஎலக்ட்ரிக் எண் தண்ணீருக்கு 80க்குப் பக்கம், எண்ணெய்க்கு 2, 3. மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

பட்டறையில் வாளியில் வைத்துப் பார்த்தேன், அருமையாக வேலை செய்தது. 14 ஸ்லைடு தயாரித்துக்கொண்டு போனேன். எத்தனை கடை, கடைக்கு எவ்வளவு மிச்சம், மூன்றாம் ஆண்டில் எவ்வளவு விற்பேன், எல்லாம் அதில் இருந்தது. குழுவில் இருந்த ஓர் அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, இதில் ஆய்வு எங்கே இருக்கிறது?” என்றார். புரியாமல் முழித்தேன். அவரே எடுத்துக் கொடுக்கிற மாதிரி, “கிரீஸ் டிராப்பில் இறக்கி 15ஆம் நாள் இந்தப் பட்டை என்ன காட்டும்?” என்று கேட்டார். “நன்றாகவே காட்டும் மேடம்” என்றேன். அவர் எதையோ குறித்துக்கொண்டார். அதற்கப்புறம் எல்லாரும் ரொம்ப மரியாதையாகப் பேசினார்கள். அப்போதே தெரிந்துவிட்டது.

என் கேள்வி: சின்ன நிறுவனத்துக்கு ஆய்வுப் பணம் என்று சொல்கிறார்களே, அவர்கள் எதிர்பார்ப்பது உண்மையில் என்ன? நான் விஞ்ஞானி இல்லை. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நைடெக் படித்தவன்.

---

கோப்பி ஓ கோசோங் · திங்கள், இரவு 11.05

அண்ணே, மானியத்தை விடுங்கள். பட்டையை எடுத்துக்கொண்டு நேராக ஒரு கடைக்குப் போய் விற்றுப் பாருங்கள். வாங்குகிறவன் கேட்காத கேள்வியைக் குழு கேட்கிறது என்றால் நேரம் வீண்.

---

துவாஸ் பழசு · செவ்வாய், காலை 6.20

வாங்குகிறவன் 15ஆம் நாள் அதே கேள்வியைக் கேட்பான் தம்பி, போனில், கெட்ட வார்த்தையோடு.

---

கணக்குப்பிள்ளை அக்கா · செவ்வாய், காலை 9.15

உபித் தம்பி, ஆய்வு எங்கே என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். முதலில் எந்தக் கதவைத் தட்டினீர்கள் என்று பாருங்கள். சிறு நிறுவனங்களின் கணக்குகளைத்தான் நான் ஆண்டு முழுவதும் பார்க்கிறேன். பாதிப் பேர் தப்பான கதவில் நிற்கிறார்கள்.

ஆரம்பக்கட்டத் தொழில்நுட்பத்துக்கு என்று எல்லாரும் சொல்வது ஸ்டார்ட்டப் எஸ்ஜி டெக் மானியம். 2017இல் ஸ்டார்ட்டப் எஸ்ஜி என்ற குடைக்குள் வந்தது. அதில் இரண்டு படி: யோசனை நடக்குமா என்று பார்க்க பிஓசி, மாதிரியைச் செய்து நிரூபிக்க பிஓவி. தொடங்கியபோது உச்சவரம்பு பிஓசிக்கு 250,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பிஓவிக்கு 500,000. ஆனால் அது பதிவாகி ஐந்தாண்டுக்குள் இருக்கும் நிறுவனங்களை மனத்தில் வைத்து வந்தது. உங்கள் நிறுவனத்துக்கு 11 வயது.

உங்கள் வயதுக்குப் பொருந்துவது இடிஜி, அதாவது நிறுவன மேம்பாட்டு மானியம். எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு தருவது. 30 விழுக்காடு உள்ளூர்ப் பங்கு இருக்க வேண்டும், நிறுவனத்தின் நிதிநிலை தாங்க வேண்டும். எஸ்எம்இ, அதாவது சிறு, நடுத்தர நிறுவனம் என்றால் தகுதியான செலவில் பாதி வரை கிடைக்கும். புதுப்பொருள் உருவாக்குவதும் அதற்குள் வரும்.

இரண்டு விஷயம் மறக்காதீர்கள். ஒன்று, பணம் முன்னால் வராது. நீங்கள் செலவழித்து, தணிக்கையாளர் பார்த்து, அப்புறம் கேட்டு வாங்க வேண்டும். பாதி மானியம் என்றால் முழுச் செலவுக்கும் கையில் காசு வேண்டும் என்று அர்த்தம். இரண்டாவது, விண்ணப்பம் போடுவதற்கு முன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், கட்டிய பணம் எதுவும் சேராது. “அவசரத்துக்கு முன்பணம் கட்டிவிட்டேன் அக்கா” என்று வந்து நிற்பவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

---

உபி பட்டறை · செவ்வாய், பிற்பகல் 1.02

அக்கா, புதிதாக ஒரு கம்பெனி பதிவு செய்து அதன் பெயரில் போட்டால்? ஒருவர் அப்படித்தான் யோசனை சொன்னார்.

---

கணக்குப்பிள்ளை அக்கா · செவ்வாய், பிற்பகல் 1.30

யோசனை சொன்னவர் கட்டணமாக எவ்வளவு கேட்டார்?

---

உபி பட்டறை · செவ்வாய், பிற்பகல் 1.34

கிடைக்கும் தொகையில் பங்கு.

---

கணக்குப்பிள்ளை அக்கா · செவ்வாய், பிற்பகல் 1.51

நினைத்தேன். புது கம்பெனி தொடங்குவது குற்றம் இல்லை. உண்மையிலேயே புதுத் தொழில், புதுப் பங்காளி என்றால் தாராளமாகச் செய்யலாம். அதே பட்டறை, அதே ஐந்து பேர், பெயர்ப்பலகை மட்டும் புதிது என்றால், பதிவு செய்வதற்கு முன்னாலேயே திட்ட அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கேள்வி கேட்பதற்குக் காசு இல்லை.

---

கோப்பி ஓ கோசோங் · செவ்வாய், மாலை 6.48

இதைத்தான் சொல்ல வந்தேன். மானியம் என்று ஒன்று வந்தால் அதைச் சுற்றி ஈ மொய்க்கும். பிஐசி என்ற வரிச்சலுகைத் திட்டம் ஞாபகம் இருக்கிறதா? 2010 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தது. செலவில் 60 விழுக்காட்டை ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் 40ஆகக் குறைத்து, 2018 வரி மதிப்பீட்டு ஆண்டோடு மூடினார்கள். அந்தக் காலத்தில் தேவையே இல்லாத சாமானை வாங்கச் சொல்லி வீடு தேடி வந்தார்கள். பொய்க் கணக்குக் காட்டி நீதிமன்றம் வரை போனவர்களும் உண்டு.

என் நண்பர் ஒருவர் மூன்று ஆண்டு மானியத்திலேயே ஓட்டினார். ஒரு திட்டம் முடிந்தால் இன்னொன்று. அறிக்கை எழுதுவதற்கே தனியாக ஆள் வைத்திருந்தார். பொருளை யார் வாங்குகிறார் என்று கேட்டால், “அடுத்த கட்டத்தில்” என்பார். அடுத்த கட்டம் வரவேயில்லை.

---

ஆய்வக எலி · செவ்வாய், இரவு 9.37

ஒன்-நார்த் பக்கம் ஓர் ஆய்வகத்தில் வேலை. சின்ன நிறுவனங்களோடு சேர்ந்து நான்கைந்து திட்டங்கள் செய்திருக்கிறேன். கோப்பி அண்ணன் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிஐசி வேறு, இது வேறு. பிஐசியில் பெரும்பாலும் நடந்தது இருக்கிற சாமானை வாங்கியது. உபி அண்ணன் செய்ய நினைப்பது இன்னும் இல்லாத ஒன்று.

அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. உண்மையில் உங்களுக்கு உதவத்தான் கேட்டிருக்கிறார். “தெரியாது மேடம், அதைக் கண்டுபிடிக்கத்தான் பணம் கேட்கிறேன்” என்று சொல்லியிருந்தால் பேச்சே வேறு மாதிரி போயிருக்கும்.

ஆர் அண்ட் டி (ஆய்வும் மேம்பாடும்) என்ற சொல்லை வரிக்காக வரித்துறையான ஐராஸ் எப்படி விளக்குகிறது என்று பாருங்கள். முறையாக ஆராய்ந்து சோதித்துப் பார்ப்பதாக இருக்க வேண்டும், அதில் புதுமையோ தொழில்நுட்ப அபாயமோ இருக்க வேண்டும். அபாயம் என்றால் விற்குமா விற்காதா என்பது இல்லை. முறையாக முயன்றாலும் வேலை செய்யாமல் போகலாம் என்பது. வழக்கமான தரப் பரிசோதனை, சந்தை ஆய்வு, தோற்றத்தை மட்டும் மாற்றுவது எல்லாம் அதில் சேராது. நீங்கள் காட்டிய 14 ஸ்லைடில் எத்தனை சந்தையைப் பற்றி?

இப்போது பட்டைக்கு வருகிறேன். வாளியில் வேலை செய்தது சரி. வாளியில் ஒரு மணி நேரம் இருந்திருக்கும். டிராப்பில் இறக்கிய சில நாளில் பிளாஸ்டிக் உறைமேல் கொழுப்புப் படலம் பிடிக்கும். தண்ணீருக்குள் இருக்கும் தகடும் எண்ணெயைப் பார்ப்பதாகவே நினைக்கும். நிஜமாகவே எங்காவது இறக்கிப் பார்த்தீர்களா?

---

உபி பட்டறை · செவ்வாய், இரவு 10.10

பார்த்தேன். இதை நேர்காணலில் சொல்லவில்லை. சொன்னால் குறையாகப் போய்விடும் என்று மறைத்துவிட்டேன்.

தெரிந்த ஒருவர் கடையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் டிராப். மூடியைத் திறந்தாலே இரண்டு நாளைக்குச் சட்டையில் வாடை போகாது. முதல் வாரம் எண்ணெய்க் கனம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது போனில் அழகாகத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் 31 சென்டிமீட்டர் என்று காட்டியது. அப்படியே நின்றுவிட்டது. போய்க் குச்சியை விட்டுப் பார்த்தால் எட்டுகூட இல்லை. பட்டையை வெளியே எடுத்தேன். மேலிருந்து கீழ்வரை சாம்பல் நிறத்தில், பழைய மெழுகுவத்தி மாதிரி ஒரு பூச்சு. விரல் நகத்தால் சுரண்டினால் சுருண்டு வருகிறது. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன், சரியாகக் காட்டியது. இன்னும் ஒன்பது நாளில் மறுபடி அதே கதை.

---

ஆய்வக எலி · செவ்வாய், இரவு 10.24

அண்ணே!! அதுதான் உங்கள் ஆய்வு. மறைத்து வைத்தீர்களே, அதுதான் விண்ணப்பத்தின் முதல் பக்கம்.

---

துவாஸ் பழசு · புதன், காலை 6.05

இதைப் படித்துச் சிரித்தேன். நானும் இதே தப்பைச் செய்தவன்.

2008இல் ஸ்பிரிங் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு டெக்ஸ் என்று ஒரு மானியத்தைக் கொண்டுவந்தது. பிஓசி, பிஓவி என்ற பேச்சே எங்கள் காதில் அப்போதுதான் விழுந்தது. அக்கா சொன்ன ஸ்டார்ட்டப் எஸ்ஜி டெக் அதன் வாரிசு. ஸ்பிரிங்கும் ஐஇ சிங்கப்பூரும் இணைந்து எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் ஆனது 2018 ஏப்ரலில். பெயர் மாறிக்கொண்டே இருக்கும். கேள்வி மாறவே மாறாது: எது தெரியாது, எப்படித் தெரிந்துகொள்வாய், எவ்வளவு நாளில், தெரிந்தால் என்ன செய்வாய்?

நான் அப்போது பம்ப் சீல் சம்பந்தமாக ஒன்று செய்துகொண்டிருந்தேன். பெரிய தொகை கேட்கத் தைரியம் இல்லை. 5,000 வெள்ளிக்கு ஒரு வவுச்சர் திட்டம் இருந்தது; பலதுறைத் தொழிற்கல்லூரிக்கோ ஆய்வு நிலையத்துக்கோ போய்ச் சோதனை செய்துகொள்ளலாம். அந்த ஐயாயிரத்தில் தெரிந்துகொண்டது என்னவென்றால் என் யோசனை வேலைக்கு ஆகாது என்பது. ரப்பர் நான் நினைத்ததைவிட வேகமாக வீங்கியது. என்னுடைய இரண்டு ஆண்டு மிச்சம். மானியத்தால் நான் அடைந்த பெரிய லாபம் அதுதான். யாரும் அதை வெற்றிக் கதையாகப் போடமாட்டார்கள்.

---

கோப்பி ஓ கோசோங் · புதன், காலை 8.30

ஐயா, அந்த 5,000 இல்லையென்றால் சொந்தக் காசில் செய்திருக்கமாட்டீர்களா?

---

துவாஸ் பழசு · புதன், காலை 8.52

மாட்டேன். சோதிக்காமலே அச்சு வெட்டக் கொடுத்திருப்பேன். அப்போது எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

---

ஆஸ்டின் பொண்ணு · புதன், காலை 11.40 (இங்கே இரவு)

தெலுக் பிளாங்காவில் வளர்ந்தவள், இப்போது டெக்சஸில். எங்கள் கம்பெனியில் 14 பேர், வயலில் மண் ஈரத்தை அளக்கும் கருவி செய்கிறோம். பாதி வாழ்க்கை எஸ்பிஐஆர் பணத்தில்தான் ஓடியது, அதாவது சிறு நிறுவனங்களின் ஆய்வுக்கு அமெரிக்க அரசு தரும் பணம். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எழுதுகிறேன்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறநிறுவனத்தில் ரோலண்ட் டிபெட்ஸ் என்ற அதிகாரி 1977இல் சின்னதாகத் தொடங்கிய முயற்சி. 1982இல் சட்டமே ஆகிவிட்டது. வெளியே ஆய்வுக்காக ஆண்டுக்கு 100 மில்லியன் டாலருக்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு கூட்டரசுத் துறையும் அதில் 3.2 விழுக்காட்டைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். இந்த இடம்தான் எனக்குப் பிடிக்கும். துறைக்கு மனமிருந்தால் கொடுக்கலாம் என்பது இல்லை, கொடுத்தே ஆக வேண்டும். பாதுகாப்பு, சுகாதாரம், எரிசக்தி என்று 11 துறைகள் இதில் இருக்கின்றன.

மூன்று கட்டம். முதலாவதில் நடக்குமா என்று பார்க்கச் சில மாதம். அது தேறினால் இரண்டாவதில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு, பெரிய தொகை. மூன்றாவதில் எஸ்பிஐஆர் பணம் கிடையாது, வாடிக்கையாளரையோ முதலீட்டாளரையோ நீயே தேடிக்கொள். பங்கு கேட்கமாட்டார்கள், கடனும் இல்லை. முதல் கட்டத்துக்கு ‘நீ பாதி போடு, நான் பாதி போடுகிறேன்’ என்ற பேச்சும் இல்லை. நம் ஊரோடு பெரிய வித்தியாசம் அதுதான். கையில் காசு இல்லாத இரண்டு பேர்கூட உள்ளே நுழைய முடிகிறது. குவால்காம், ஐரோபோட் எல்லாம் சின்னதாக இருந்தபோது இந்தப் பணம் வாங்கியவைதான்.

அறிவியல் அறநிறுவனத்தில் முழு விண்ணப்பத்துக்கு முன்னால் சுருக்கமாக ஒன்று அனுப்ப வேண்டும். நான்கு பகுதி: புதுமை என்ன, தொழில்நுட்ப இலக்குகளும் சவால்களும் என்ன, சந்தை என்ன, நீங்கள் யார். கவனியுங்கள், சந்தை நான்கில் ஒன்றுதான். நான் முதலில் எழுதியதைப் படித்துவிட்டு என் முதலாளி, “நீ விளம்பரம் எழுதியிருக்கிறாய்” என்றார். சவால் பகுதியில் நான் எழுதியிருந்தது ஒரே ஒரு வரி.

இங்கே எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். சட்டத்தின் காலம் 2025 செப்டம்பர் 30ஆம் தேதி முடிந்தது. நாடாளுமன்றம் நேரத்துக்குப் புதுப்பிக்கவில்லை. அடுத்த கட்டத்துக்கு எழுதி வைத்திருந்த எங்கள் விண்ணப்பத்தை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். சிங்கப்பூரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்கிறார்களே, 2021 முதல் 2025 வரைக்கு 25 பில்லியன் வெள்ளி என்று, அதன் அருமை அப்போதுதான் தெரிந்தது.

---

கோப்பி ஓ கோசோங் · புதன், பிற்பகல் 12.25

25 பில்லியனில் உபி பட்டறைக்கு எத்தனை வெள்ளி வரும் தங்கச்சி? பெரும்பகுதி பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வு நிலையத்துக்கும்தானே போகிறது.

---

ஆய்வக எலி · புதன், பிற்பகல் 12.58

நியாயமான குத்து. ஆனால் அங்கே போன பணத்தில் வாங்கிய கருவிகளையும் ஆட்களையும் பட்டறைக்காரர் பயன்படுத்த வழி இருக்கிறது. யாரும் வந்து கேட்பதில்லை என்பதுதான் எங்கள் பக்கத்துக் குறை. அரசு ஆய்வு அமைப்பான ஏ-ஸ்டாரில் டி-அப் என்று ஒன்று உண்டு, ஆய்வாளரையே உள்ளூர் நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் புத்தாக்க நிலையங்கள் இருக்கின்றன. உணவுக்குச் சிங்கப்பூர் பலதுறையில், சுற்றுப்புறத்துக்கும் தண்ணீருக்கும் ‘நீ ஆன்’ பலதுறைத் தொழிற்கல்லூரியில். உபி அண்ணன் விவகாரம் கழிவுநீர் என்பதால் நீ ஆன் பக்கம் ஒரு நடை போய் வரலாம்.

படலத்துக்கு ஒரு யோசனை, இலவசம். இரண்டு தகடுகளுக்கு இடையிலான இடைவெளியைப் பொறுத்துத்தான் மின்புலம் எவ்வளவு தூரம் வெளியே எட்டும் என்பது. நெருக்கமான ஜோடி தன் தோலை மட்டும் பார்க்கும், அதாவது படலத்தை. அகலமான ஜோடி படலத்தையும் தாண்டி உள்ளே பார்க்கும். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டையும் வைத்தால், நெருக்கமானது சொல்வதைக் கொண்டு அகலமானதைத் திருத்தலாம். எவ்வளவு கனம் வரை திருத்த முடியும் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. விண்ணப்பத்தில் எழுத வேண்டியது இதைத்தான். ‘துடைக்காமல் 30 நாள், குச்சியால் அளப்பதோடு ஒப்பிட்டால் 2 சென்டிமீட்டருக்குள் பிழை’ என்று இலக்கு போடுங்கள். எட்டாவிட்டால் என்ன மாற்றுவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

---

உபி பட்டறை · புதன், இரவு 11.15

தம்பி, இதை ஐந்து முறை படித்தேன். நாளைக்கே பட்டை வரைகிறேன்.

அக்கா, மானியம் கிடைக்கவில்லை என்றால் வேறு எதுவும் உண்டா?

---

கணக்குப்பிள்ளை அக்கா · வியாழன், காலை 9.40

உண்டு, யாரும் கவனிப்பதில்லை. 2023 வரவுசெலவுத் திட்டத்தில் வந்த எண்டர்பிரைஸ் இன்னோவேஷன் ஸ்கீம். மானியம் இல்லை, வரிக் கழிவு. குழு, ஸ்லைடு எதுவும் கிடையாது. வரி மதிப்பீட்டு ஆண்டு 2024 முதல் 2028 வரை, சிங்கப்பூரில் செய்யும் தகுதியான ஆர் அண்ட் டி செலவில் முதல் 400,000 வெள்ளிக்கு நான்கு மடங்கு கழித்துக்கொள்ளலாம்.

நீங்கள் 60,000 செலவழிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கழிவு 240,000. நிறுவன வரி 17 விழுக்காடு என்றால் காகிதத்தில் 40,800 மிச்சம். ஆனால் காகிதத்தில் மட்டும்தான். முதல் 10,000 வருமானத்தில் முக்கால் பங்குக்கும் அடுத்த 190,000இல் பாதிக்கும் ஏற்கெனவே விலக்கு இருக்கிறது, அதனால் சின்ன நிறுவனத்துக்கு உண்மையான மிச்சம் இதைவிட நன்றாகவே குறையும். லாபமே இல்லாத ஆண்டில் கழிவுக்குப் பதிலாக ரொக்கம் கேட்கலாம். ஆண்டுக்கு 100,000 வரையான செலவில் 20 விழுக்காடு. உங்கள் 60,000க்கு 12,000 கைக்கு வரும். அதற்கு மத்திய சேமநிதி கட்டும் முழுநேர உள்ளூர் ஊழியர் மூன்று பேர் வேண்டும். உங்களைச் சேர்க்காமல் எண்ணிப் பாருங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியோடு சேர்ந்து செய்யும் புத்தாக்கத் திட்டத்துக்கும் இதே நான்கு மடங்கு, 50,000 வெள்ளி வரை. எலித் தம்பி சொன்ன வழியில் போனால் இதையும் பாருங்கள்.

ஒரே வெள்ளிக்கு இரண்டு இடத்தில் கை நீட்ட முடியாது. மானியம் வந்த பகுதியைக் கழித்துவிட்டு மீதிக்குத்தான் இந்தக் கழிவு.

அப்புறம், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யார், எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன சோதித்தார், என்ன வந்தது. வேலை செய்யாத நாளையும் எழுதுங்கள். ஓராண்டு கழித்துக் கேட்கும்போது ஆட்கள் ஞாபகத்திலிருந்து எழுதுவார்கள். எல்லா நாளும் எட்டு மணி நேரம், எல்லாச் சோதனையும் வெற்றி. படித்தாலே தெரியும்.

---

துவாஸ் பழசு · வியாழன், காலை 10.15

அக்காவுக்கு ஒரு தே தாரிக் என் கணக்கில்.

---

உபி பட்டறை · மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.50

இழை கீழே போயிருக்கும், மேலே இழுப்பதற்கு மன்னிக்கவும்.

இரண்டு இடைவெளி வைத்த பட்டையை இறக்கி இன்றைக்கு 19 நாள். துடைக்கவில்லை. நெருக்கமான ஜோடி ஐந்தாம் நாளே படலத்தைக் காட்டிவிட்டது. அகலமானது 16ஆம் நாள் வரை குச்சியோடு ஒத்துப்போனது, பிழை ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. 17ஆம் நாளிலிருந்து கீழே உள்ள இரண்டு மட்டங்களில் தடுமாறுகிறது. அங்கே கசடும் சேர்ந்து ஒட்டுகிறது என்று நினைக்கிறேன்.

நான் எதிர்பார்க்காத ஒன்று: ஞாயிறு இரவில் எல்லா அளவும் குழம்புகிறது. தேக்கா பக்கத்துக் கடை, ஞாயிறு கூட்டம் தெரியும். அன்றைக்கு மட்டும் சுடுதண்ணீரும் பாத்திர சோப்பும் மூன்று மடங்கு. மூடியைத் திறந்தால் எண்ணெய், தண்ணீர் என்று எல்லையே இல்லை, எல்லாம் கலந்து பால் மாதிரி இருக்கிறது. திங்கள் மத்தியானம் பிரிந்துவிடுகிறது. அதனால் விண்ணப்பத்தில் இரண்டாவது கேள்வியாக இதைச் சேர்த்திருக்கிறேன்: கலங்கியிருக்கும் நேரத்தைக் கருவியே கண்டுபிடித்து, அந்த அளவை ஒதுக்க முடியுமா?

புது வரைவில் சந்தை ஒரு பக்கம்தான். தெரியாதவை மட்டும் நான்கு பக்கம் வந்திருக்கிறது. எழுத வெட்கமாக இருந்தது, எழுதிவிட்டேன்.

கோப்பி அண்ணே, உங்கள் பேச்சையும் கேட்டேன். அந்தக் கடைக்காரர், 30 நாள் துடைக்காமல் ஓடினால் தன் மூன்று கிளைக்கும் காசு கொடுத்தே வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார். வாய்வார்த்தைதான்.

---

கோப்பி ஓ கோசோங் · ஞாயிறு, இரவு 10.08

வாய்வார்த்தையைக் காகிதத்தில் வாங்குங்கள் அண்ணே. விண்ணப்பத்தில் அந்த ஒரு காகிதத்தை மட்டும்தான் நான் நம்புவேன்.

---

ஆய்வக எலி · ஞாயிறு, இரவு 10.31

17ஆம் நாள் தரவை அனுப்புங்கள், பார்க்கிறேன். ஞாயிறு விஷயம் அருமை. வாளியில் எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

---

கணக்குப்பிள்ளை அக்கா · திங்கள், காலை 9.05

அந்தப் புதுப் பட்டைகளை வெளியே கொடுத்துத்தானே செய்தீர்கள்? இன்வாய்ஸ் தேதி என்ன?

---

உபி பட்டறை · திங்கள், காலை 9.20

போன மாதம் 28. விண்ணப்பம் இன்னும் போடவில்லை அக்கா.

---

கணக்குப்பிள்ளை அக்கா · திங்கள், காலை 9.22

அப்படியென்றால் அது உங்கள் சொந்தச் செலவு, மானியக் கணக்கில் கொண்டுவராதீர்கள். வரிக் கழிவுக்கு மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த பட்டைக்கு ஆர்டர் கொடுத்துவிடாதீர்கள், முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள்.